மன்னிப்பை பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள், வாங்காதீர்கள்

கேள்வி: எனக்கு 31 வயது. ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியில் கலெக்‌ஷன் பார்த்தேன். குழுவில் ஒரு அக்கா மூன்று தவணை கட்டவில்லை. மேனேஜர் சொன்னபடி குழுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், அவர் வீட்டு வாசலில் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்தேன். பிள்ளைகள் முன்னால் பேசக்கூடாததைப் பேசினேன். அடுத்த வாரம் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது. நானும் வேலையை விட்டேன். இரண்டு வருடம் ஆகிறது. என் மகளைத் தூக்கினால்கூட அந்தப் பிள்ளைகள் முகம்தான் வருகிறது. கவுன்சிலிங் போனால் சரியாகுமா? சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா? நண்பர் ஒருவர், மூன்று நாள் 'உள்மனச் சுத்திகரிப்பு' முகாமுக்கு 18,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்.
– பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அந்த 18,000 ரூபாயைக் கட்டாதீர்கள். கட்டிவிட்டீர்கள் என்றால் திரும்பக் கேளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கவுன்சிலிங் உதவும். ஆனால் நடந்ததை மறக்கவைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 'உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை' என்று நானும் சொல்லப்போவதில்லை. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் விதிகள் போட்டது. அதன்படி மாலை 6 மணிக்கு மேல் கடன் வாங்கியவருக்கு போன் செய்வதே கூடாது. மிரட்டலும் வசையும் கூடாது. ஒன்பது மணி வரை வாசலில் உட்கார்ந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆக, உங்கள் மனசாட்சி சரியாகத்தான் வேலை செய்கிறது. உறுத்தலே இல்லாமல் இன்னமும் அதே வேலையில் இருக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

உங்களுக்கு வந்திருப்பதை மனசாட்சிக் காயம் என்று சொல்லலாம். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களுக்குப் பாஸ்டனில் சிகிச்சை கொடுத்த ஜோனதன் ஷே என்ற மனநல மருத்துவர்தான் 1990களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். பயத்தால் வருகிற பாதிப்பு வேறு, இது வேறு. தான் சரி என்று நம்பியதற்கு எதிராகத் தானே நடந்தாலும், மேலே இருப்பவர் நடக்கவைத்தாலும் வருவது இது. பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் வருவதில்லை. கொரோனா வார்டில் வேலை பார்த்த நர்ஸுகளுக்கும் வந்தது, உங்களுக்கும் வந்திருக்கிறது.

இதில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. 'தப்பு செய்துவிட்டேன்' என்பது ஒன்று, 'நானே தப்பான ஆள்' என்பது இன்னொன்று. முதலாவது குற்ற உணர்ச்சி. அது இருக்கட்டும், அதை வைத்து ஏதாவது நல்லது செய்யலாம். இரண்டாவது அவமான உணர்ச்சி. ஆளை மூலையில் உட்காரவைப்பது, குடிக்கவைப்பது, மகளைத் தூக்கும்போது கை கூசவைப்பது எல்லாம் அதுதான். கவுன்சிலிங்கில் இறக்கிவைக்கவேண்டிய சுமையும் அதுவே.

இப்போது முகாமுக்கு வருகிறேன். இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது தெரியுமா? முதல் நாள் நாற்பது பேரை ஒரு ஹாலில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, இசை போட்டு அழவைப்பார்கள். இரண்டாம் நாள் எல்லோர் முன்னாலும் உங்கள் கதையைச் சொல்லச் சொல்வார்கள். மூன்றாம் நாள் 'நீங்கள் மன்னிக்கப்பட்டுவிட்டீர்கள்' என்று கட்டிப்பிடித்து அனுப்புவார்கள். இரண்டு வாரம் லேசாகத்தான் இருக்கும். அப்புறம் பழையபடி பாரம் ஏறும்போது 'அடுத்த லெவல்' முகாமுக்கு போன் வரும், இந்தமுறை இன்னும் பெரிய தொகை. ஆள் சேர்த்துவிடுகிறவருக்குக் கமிஷன் தருகிற இடங்களும் உண்டு. உங்கள் நண்பரைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மறுபிறவி ஹிப்னாடிசம், ஆறு மாத பேக்கேஜுக்கு மொத்தப் பணத்தையும் முன்னாலேயே வாங்குகிற 'மைண்ட் கோச்', பரிகார லிஸ்ட் தருகிற ஜோதிடர் எல்லோருக்கும் இதே கதைதான். கோயிலுக்குப் போங்கள், சர்ச்சுக்குப் போங்கள், மனம் ஆறினால் நல்லது. ரேட் கார்டு நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு வகையும் உண்டு, பார்க்க டீசன்டாக இருக்கும். முதல் நாளே 'மேனேஜர் சொன்னார், செய்தீர்கள், விடுங்கள் சார்' என்று தட்டிக்கொடுக்கிற கவுன்சிலர். கதையை முழுதாகக் கேட்காமலே விடுதலை செய்பவரிடம் உங்கள் மனம் ஒருநாளும் சமாதானம் ஆகாது. 'இவருக்கு முழுசாகத் தெரிந்தால் இப்படிச் சொல்வாரா?' என்று உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நல்ல ஆலோசகர் அவசரப்பட மாட்டார். அன்று நடந்ததை முழுதாகச் சொல்லவைப்பார். யார் என்ன சொன்னார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள், அந்த வார்த்தை உட்பட. அப்புறம் ஒரு வட்டம் போட்டுப் பொறுப்பைப் பங்கு பிரிக்கச் சொல்லலாம்: மேனேஜருக்கு எவ்வளவு, டார்கெட் வைத்த கம்பெனிக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு. ஊழியரின் நடத்தைக்குக் கம்பெனியும் பொறுப்பு என்று அதே ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. அதற்காக உங்கள் பங்கு பூஜ்யம் ஆகாது, நூறும் ஆகாது. நீங்கள் மதிக்கிற ஒருவர், பாட்டியோ பழைய வாத்தியாரோ, எதிரே இருப்பதாக நினைத்து அவரிடம் இதைச் சொல்லவும், அவர் என்ன பதில் சொல்வார் என்று வாய்விட்டுப் பேசவும் சொல்லலாம். கேட்க நாடகம் மாதிரி இருக்கும். ஆனால் அமெரிக்க வீரர்களுக்கென்று உருவாக்கிய சிகிச்சையில் இது முக்கியமான பயிற்சி. அனுப்பாத கடிதம் எழுதுவதும் உண்டு.

அந்த அக்காவைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கலாமா? இப்போது வேண்டாம். வசூலுக்கு வந்தவர் மறுபடி வாசலில் நின்றால் அவருக்கு முதலில் வருவது பயம்தான். உங்கள் பாரம் குறையவேண்டும் என்பதற்காக அவரை இன்னொரு தடவை நடுங்கவைக்கக்கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. அவருடைய பொருள் ஏதாவது உங்களிடமோ ஆபீஸிலோ இருந்தால் கவுன்சிலிங் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரேஷன் கார்டு, ஒரிஜினல் ஆதார், கையெழுத்துப் போட்ட வெற்றுப் பத்திரம், டிவி, கேஸ் சிலிண்டர், எதுவானாலும் சரி. மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் அடமானம் இல்லாத கடன். எதையும் பிடித்துவைக்க உரிமையே கிடையாது. நீங்கள் நேரில் போகாமல், அவருக்கு நம்பிக்கையான ஒரு பெண் மூலம் திருப்பிக் கொடுங்கள். அவர் கட்டி, நீங்கள் வரவு வைக்காத தவணை இருந்தால் அதையும் எழுத்தில் கம்பெனிக்குத் தெரிவியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தவணை கட்டவில்லை என்ற அந்த ஒரு பதிவால் இன்னொரு இடத்தில் அவருக்குக் கடன் மறுக்கப்படலாம். இதில் உங்களுக்குச் சட்டச் சிக்கல் வருமோ என்று தோன்றினால் முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பரிகாரம் என்று ஒன்று உண்டானால், இப்படித் திருப்பிக் கொடுப்பதுதான்.

கவுன்சிலிங்கில் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமா என்று கேட்டீர்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சையில் சொல்வதை ரகசியமாகக் காப்பது சிகிச்சை தருகிறவர்கள் கடமை. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால் நிலைமை வேறு. நீங்கள் சொல்கிற சம்பவத்தைக் கேட்டுவிட்டு எவரும் போலீஸுக்கு ஓடமாட்டார்கள்.

எங்கே போவது? உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, இலவசம். ஆனால் கூட்டத்தைப் பார்த்தால் பயந்துவிடுவீர்கள். ஐந்து நிமிடம் பேசி, தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த டாக்டரைக் குறை சொல்லமாட்டேன், வெளியே வரிசையில் நிற்கிறவர்களை அவர் என்ன செய்வார்? பேச ஆள் போடாமல் மாத்திரை மட்டும் அனுப்புகிற நிர்வாகத்தைத்தான் சொல்லவேண்டும். 'சைக்காலஜிஸ்டைப் பார்க்கணும்' என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் கிடைக்காது.

தனியாரிடம் போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். வெறும் 'கவுன்சிலர்' என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிறார்கள். கவுன்சிலர் வேலையையும் சேர்த்து முறைப்படுத்த 2021இல் ஒரு சட்டம் வந்தது. வந்து என்ன, தெருவில் எந்தப் போர்டும் இறங்கினதாக நான் பார்க்கவில்லை.

தூக்கமே இல்லை, குடி கூடுகிறது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு (டெலி மானஸ்) உடனே போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. வீட்டிலும் ஒருவரிடம் சொல்லிவையுங்கள்.

முதல் நாள் போனதும் என்ன சொல்வது என்று திணறவேண்டாம். எனக்கு எழுதினதையே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போய்க் கொடுங்கள். அன்று பேசிய வார்த்தைகளை மட்டும் எனக்கு எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அதையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள்.