ஏற்றத்தில் வேகத்தை மறந்துவிட்டு வொட்டைப் பாருங்கள்

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பவர் காட்டும் கைக்கடிகாரம் வாங்கினேன். ஓடும்போது வொட் எண் ஓயாமல் ஏறி இறங்குகிறது. எங்கள் பக்கம் மட்டமான ரோடே இல்லை. இதை வைத்து எப்படிப் பயிற்சி தொடங்குவது? பிறகு கொழும்பில் ஓர் அரை மரதன் ஓட ஆசை."

மட்டமான ரோடு இல்லாதவருக்குத்தான் இந்த எண் அதிகம் உதவும். ஏற்றம் வந்ததும் வேகம் விழும்; அதைப் பிடிக்கப்போய் மூச்சு வாங்கும். இதயத்துடிப்பு மெதுவாகத்தான் ஏறும், அது காட்டுவதற்குள் கால் கனத்துவிடும். வொட் என்பது நீங்கள் போடும் உழைப்பின் அளவு; உழைப்பு கூடினால் சில செக்கன்களிலேயே சொல்லிவிடும்.

முதலில் திரையில் 10 செக்கன் சராசரியை வையுங்கள், பாதித் தொல்லை தீரும். உடல் எடை சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடிகாரம் பவரை நேரடியாக அளப்பதில்லை. எடை, வேகம், ஏற்றம், உடலசைவு இவற்றை வைத்துக் கணக்கிடுகிறது. கம்பனிக்கொரு கணக்கு. கார்மின் கடிகாரம் காட்டுவதும் சப்பாத்தில் மாட்டும் ஸ்ட்ரைட் கருவி காட்டுவதும் ஒன்றாக இராது. நண்பருடைய எண்ணோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

இரண்டு கிழமை வழக்கம்போல ஓடி, எண்ணைச் சும்மா கவனியுங்கள். அப்புறம் ஒரு சோதனை. பாடசாலை மைதானம் போதும். கிரகரி வாவிக்கரை மட்டம்தான், ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். உங்கள் ஊரைவிட எண் குறைவாக வரும். நன்றாக உடல் சூடேற்றிக்கொண்டு 3 நிமிடம் முழு மூச்சாக ஓடுங்கள். அரை மணி நேரம் மெல்ல நடந்து இளைப்பாறியபின் 9 நிமிடம் அதேபோல. முதலாவதில் சராசரி 250 வொட், இரண்டாவதில் 220 என்று வைப்போம். 220ஐ 9ஆல் பெருக்கினால் 1,980. 250ஐ 3ஆல் பெருக்கினால் 750. கழித்து வரும் 1,230ஐ நிமிட வித்தியாசமான 6ஆல் வகுத்தால் 205. இதுதான் உங்கள் கிரிட்டிகல் பவர்: ஓரளவு நீண்ட நேரம் தாங்கக்கூடிய எல்லை.

இலகு ஓட்டம் இதில் 80 வீதத்துக்குள், அதாவது 164 வொட்டுக்குக் கீழே. கிழமையில் பெரும்பாலான ஓட்டம் இப்படியே இருக்கட்டும். தேயிலை மலை ரோட்டில் ஏறும்போது 164ஐத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள், தேவையென்றால் நடங்கள். கொழுந்துக் கூடையோடு ஏறுபவர்கள் உங்களை முந்திப்போனாலும் பரவாயில்லை!

இறக்கத்தில் வொட் தானாக விழும். அதை நிரப்ப ஓடாதீர்கள். எண் சிறிதாக இருந்தாலும் தொடைத் தசைக்கு அடி அங்கேதான் அதிகம். ஈர ரோட்டில் வழுக்கலும் சேரும். சின்னச் சின்ன எட்டு, தளர்ந்த தோள், அவ்வளவுதான்.

கொழும்பில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் கூட என்பதால் மலையில் எடுத்த எண் அங்கே உங்களால் முடிவதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனால் வெக்கை அந்த இலாபத்தைத் தின்றுவிடும். போட்டியன்று மலையில் எடுத்த கிரிட்டிகல் பவருக்குச் சற்றுக் கீழேயே தொடங்கி, வொட் மாறாமல் இருக்க இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால், வொட்டைக் குறைத்துவிடுங்கள்.