வைஃபை பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்டுவிடலாமா?

கேள்வி இதுதான்: "ரவுட்டரில் 7 சாதனங்கள் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. எங்கள் வீட்டில் இருப்பது 5தான். ஒன்றின் பெயர் இஎஸ்பி என்று ஆரம்பிக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்மேல் சந்தேகம். நேரில் கேட்கலாமா?"

கேட்காதீர்கள். நான் கேட்டுவிட்டு இரண்டு வருஷமாக அனுபவிக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் வீடு, இரண்டுக்கும் ஒரே நெட். உர வியாபாரிகளுக்கான தேசி டிப்ளமோ ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் உட்கார்ந்து படித்தேன். மண் பரிசோதனையிலிருந்து பூச்சி மருந்து வரை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள், ரவுட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் "இதெல்லாம் அடிப்படை" என்று கீழே எழுத வேண்டாம். அந்த அடிப்படை தெரியாததால்தான் இவ்வளவும் நடந்தது.

அது சம்பாவுக்கு மேலுரம் போடுகிற நேரம், ஐப்பசி. யூரியாவுக்குக் கடை வாசலில் இருபது பேர் நிற்கிறார்கள். 2018 முதல் மானிய உரத்தை, விற்பனையை நெட் வழியாகப் பதிகிற பிஓஎஸ் மிஷினில் போட்டுத்தான் விற்க வேண்டும், பெரும்பாலும் ஆதார் ரேகை வைத்து. ரேகை வைத்தால் மிஷின் சுற்றுகிறது, சுற்றுகிறது, கடைசியில் "மீண்டும் முயற்சிக்கவும்" என்கிறது. கடை மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். கால்மணி நேரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. (இந்த அணைத்துப் போடும் விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.)

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நெட் நன்றாக இருந்தாலும் எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு ரேகை விழுவதில்லை. நாற்பது வருஷம் நாற்றுப் பறித்த கையில் ரேகை எங்கே இருக்கும்? கட்டைவிரலைத் துடைத்து, ஆள்காட்டி விரலுக்கு மாற்றி, தலையில் தேய்த்து எண்ணெய் தடவி வைத்தாலும் மிஷின் ஒப்புக்கொள்ளாது. மகனைக் கூட்டிவா, மருமகளைக் கூட்டிவா என்று அனுப்பினால், "உன் கடையில்தான் இந்த வம்பு" என்று திட்டு எனக்கு. 266 ரூபாய் 50 காசு மூட்டைக்கு எனக்கு என்ன நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. சரி, அதை விடுங்கள்.

யாரோ நம் நெட்டைத் திருடுகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ரவுட்டரின் பின்னால் ஒட்டியிருந்த முகவரியை பிரவுசரில் அடித்து உள்ளே போய்ப் பார்த்தால் 11 சாதனங்கள். என் கணக்கில் 9. மீதி இரண்டில் ஒன்று உங்களுக்கு வந்த அதே இஎஸ்பி, பின்னால் ஆறு எழுத்தும் எண்ணுமாக. கம்பெனி பெயர் எஸ்பிரெசிஃப் என்று இருந்தது. கேள்விப்படாத பெயர். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பையன் எந்நேரமும் செல்லும் கையுமாக இருப்பான். நேராகப் போய், கடையில் நாலு பேர் இருக்கும்போதே, "என் வைஃபையில ஏன்டா ஏறுற?" என்று கேட்டுவிட்டேன். "அண்ணே, எனக்கே தனியா லைன் இருக்குண்ணே" என்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தும் நான் நம்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் இஎஸ்பியைக் காணோம். அப்படியானால் அவன்தான் என்று எனக்கு உறுதியே ஆகிவிட்டது. ஆனால் மிஷின் மட்டும் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு அண்ணன் மகன் வந்தான். கோயம்புத்தூரில் நெட்வொர்க் வேலை. கதையைக் கேட்டவன், "சித்தப்பா, பாஸ்வேர்டு மாத்தினதுலேர்ந்து வீட்டுல எது வேலை செய்யலை?" என்று ஒரே கேள்விதான் கேட்டான். வீட்டுக்காரி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த பிளக்." மேல்தொட்டி மோட்டாருக்கு, செல்லிலேயே அணைக்கலாம் என்று அவர் மாட்டிவிட்டுப் போன ஸ்மார்ட் பிளக்!

எஸ்பிரெசிஃப் என்பது ஷாங்காயில் உள்ள சிப் கம்பெனி. விலை குறைந்த பிளக், பல்பு, சுவிட்ச் பலவற்றிலும் உள்ளே இருப்பது அவர்கள் வைஃபை சிப்தான். தயாரித்தவர் வேறு பெயர் வைக்காமல் விட்டால் ரவுட்டரில் இஎஸ்பி என்றே விழும். உங்கள் வீட்டிலும் அநேகமாக அதுதான். கழற்றிப் பாருங்கள், பட்டியலில் ஒன்று குறைந்தால் முடிந்தது கதை.

இன்னொரு அந்நியன் என் மகளின் போன். ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை கொடுக்கிறது, ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், இன்னொன்று 5இல். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது சாதனத்தின் அடையாள எண்ணைக் காட்டாமல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு வேறு முகவரி காட்டுகின்றன. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒரே போன் இரண்டு ஆளாகத் தெரிந்திருக்கிறது. மேக் முகவரி 12 எழுத்து, முதல் ஆறு எந்தக் கம்பெனி என்று சொல்லும். ஆனால் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் அது அநேகமாகப் போன் தானாகப் போட்டுக்கொண்ட வேஷம், அதை வைத்துக் கம்பெனி தேடாதீர்கள்.

"மேக் ஃபில்டர் போட்டு, தெரிந்த முகவரியை மட்டும் உள்ளே விட்டால் போதுமே" என்று யாராவது வருவார்கள். போன் தானே முகவரியை மாற்றிக்கொள்ளும்போது திருட வருகிறவன் மாற்ற மாட்டானா?

அப்படியானால் நெட் ஏன் நின்றது? அண்ணன் மகன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினான். கேமரா பெட்டியின், அதாவது டிவிஆரின் வயரை உருவியதும் பிஓஎஸ் மிஷின் பறந்தது. திரும்பச் செருகினால் கொஞ்ச நேரத்தில் படுத்தது. அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனான். தன் போனின் டேட்டாவில் எங்கள் கடை ஐபியை, அதாவது கடை நெட்டின் முகவரியை அடித்தான். பெயர் கேட்டது. அட்மின், 12345. திறந்துகொண்டது. திரையில் என் கல்லாப்பெட்டி, அதன் மேல் நான் வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடி, பக்கத்து ஸ்டூலில் காத்திருக்கும் ஒரு பெரியவர் கையால் விசிறிக்கொள்வது. டீ தொண்டையில் இறங்கவில்லை.

கேமரா போட்ட ஆள் வேலை சுருக்கமாக முடியட்டும் என்று, கம்பெனியில் போட்ட பாஸ்வேர்டை அப்படியே விட்டு, பெட்டியின் மேல் ஸ்டிக்கரிலும் எழுதி ஒட்டியிருந்தார். வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கச் சொல்லி, ரவுட்டரில் டிஎம்இசட் என்ற இடத்தில் டிவிஆரைப் போட்டுவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். எங்கள் பக்கம் இருக்கிற மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. எந்த மதகில் எத்தனை பலகை தூக்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கும். இவர் ஒரு பக்கத்து மதகில் இருந்த அத்தனை பலகையையும் உருவிக் கரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கேமரா பார்க்க ஒரு வழி போதும், இவர் எல்லா வழியையும் திறந்திருந்தார். அதில் 23ஆம் எண் வழியும் ஒன்று. டெல்நெட் என்பார்கள், சாதனத்துக்கு வெளியிலிருந்து கட்டளை போடுகிற பழைய வாசல்.

2016இல் மிராய் என்று ஒரு திருட்டு நிரல் வந்தது. கம்பெனி பாஸ்வேர்டு அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு உலகம் பூராவும் இந்த வாசலைத் தட்டியது. திறந்த கேமரா, டிவிஆர், ரவுட்டர் எல்லாவற்றையும் சேனையாக்கிக்கொண்டது. அந்த அக்டோபர் 21இல் இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கிற டைன் என்ற நிறுவனத்தின் மேல் அந்தச் சேனை விழுந்ததில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் சில மணி நேரம் தடுமாறின. மிராயை எழுதிய மூன்று இளைஞர்கள் அடுத்த வருஷமே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நிரலை அதற்கு முன்பே பொதுவில் போட்டுவிட்டதால் அதன் குட்டிகள் இன்னும் சுற்றுகின்றன. என் டிவிஆரில் இருந்தது அதில் எந்தக் குட்டி என்று எனக்குத் தெரியாது, அண்ணன் மகனும் அடித்துச் சொல்லவில்லை. குணம் மட்டும் அதேதான். இந்த வகை சாதனத்தின் தற்காலிக நினைவில்தான் உட்கார்ந்திருக்கும், அணைத்துப் போட்டால் போய்விடும். வாசல் திறந்தே இருந்தால் சில நிமிஷத்தில் திரும்ப வந்துவிடும். கரண்ட் போய் வந்தால் மட்டும் கடை நெட் ஏன் நன்றாக ஓடியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மற்ற நேரமெல்லாம் என் டிவிஆர் யாருக்கோ கூலிக்கு மாரடித்துக்கொண்டிருக்க, பிஓஎஸ் மிஷின் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிய பஸ் மாதிரி நின்றிருக்கிறது.

டிவிஆர் பாஸ்வேர்டை மாற்றினோம். அது மட்டும் போதவில்லை. சில பெட்டிகளில் டெல்நெட்டுக்குக் கம்பெனியே உள்ளே வைத்துத் தைத்த பாஸ்வேர்டு இருக்கிறது, அமைப்புகளில் மாற்ற வழியே இல்லை. டிஎம்இசட்டை எடுத்து, சாதனங்கள் தாமாகவே வழி திறந்துகொள்கிற யூபிஎன்பியையும் அணைத்த பிறகுதான் நின்றது. ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாஸ்வேர்டு அடிக்காமலே சாதனத்தை இணைக்கிற டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்தான். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிக்குள் சிக்கிவிடும் என்று 2011லேயே தெரிந்துவிட்டதாம். பிளக்கும் டிவியும் இப்போது கெஸ்ட் வைஃபையில், அதாவது விருந்தாளிகளுக்கென்று ரவுட்டர் தனியாகக் கொடுக்கிற வைஃபையில் இருக்கின்றன. டிவிஆர் வயரில் ஓடுவதால் அங்கே போட முடியவில்லை.

நோட்டு கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. எந்தச் சாதனம், எந்த முகவரி, யார் வாங்கியது, எப்போது மாட்டியது. புதிதாக எது வந்தாலும் ஒரு வரி. நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டில் 5தான் என்று எழுதியிருக்கிறீர்கள். டிவி, பிரிண்டர், கேமரா எல்லாம் சேர்த்தா எண்ணினீர்கள்?

ஜெராக்ஸ் கடைப் பையனிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைண்ணே" என்றான். ஆனால் இன்றுவரை பட்டா நகல் எடுக்கப் போனால் மீதிச் சில்லறையை மேசைமேல் வைக்கிறான், கையில் தருவதில்லை. போன வாரம் அவன் கடையில் கேமரா மாட்டினார்கள். எனக்குப் போட்ட அதே ஆள்தான், ஏணியோடு வந்திருந்தார். நான் போய்ச் சொன்னால் என்ன நினைப்பானோ. பொங்கலுக்கு அண்ணன் மகன் வருகிறான், அவனை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.