ராஜ்மா கேசரோல்: கேள்வி பதில்

போன வாரம் சொன்ன செய்முறை இதுதான்: கால் கிலோ ராஜ்மாவை வேக வைத்து, வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் வதக்கிய மசாலாவில் கலந்து, மேலே நெய்யில் பிசறிய பிரெட் தூளைத் தூவி, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் பேக் செய்வது. வந்த கேள்விகளில் பாதி, பயறு வேகவில்லை என்பதுதான்.

பாலக்கோடு: ராத்திரி முழுக்க ஊற வைத்து ஏழு விசில் விட்டும் நறுக்கென்று இருக்கிறது அக்கா. ஓவனில் வைத்தால் வெந்துவிடுமா?

நம்பாதீர்கள். தக்காளிப் புளிப்பு சேர்ந்துவிட்டால் பயறு லேசில் இளகாது. மேல்பக்கத்தை முறுக வைத்து, சாற்றைச் சுண்ட வைப்பதுதான் ஓவனின் வேலை.

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? நம் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பல ஊர்களில் அது கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் பயறு இளகாது. குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வருகிற வீடென்றால் ஊற வைக்கவும் வேக வைக்கவும் அதையே எடுங்கள். இல்லையென்றால் ஊறும்போது லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கல் உப்பு போட்டு, மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். உப்பு போட்டால் வேகாது என்று பாட்டிகள் சொல்வார்கள். ஆனால் ஊற வைக்கும்போது உப்பு போட்டால் தோல் சீக்கிரம் இளகும். அதற்கும் மசியாவிட்டால் வேகும்போது ஒரு சிட்டிகை சோடா உப்பு. கூடப் போட்டால் சோப்பு வாடை அடிக்கும். வருடக்கணக்கில் டப்பாவில் கிடந்த பயறென்றால் எந்தத் தண்ணீரிலும் அடம்பிடிக்கும்.

பென்னாகரம்: நம் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்கிறார்களே, அப்போ அதனால்தான் வேகவில்லையா?

இல்லை, அது பல்லையும் எலும்பையும் கெடுக்கிற வேறு தொல்லை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே ஃபுளோரைடுக்காகத்தான். ஒன்று மட்டும், கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

ஓசூர்: ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை அப்படியே போடலாமா?

கூடாது. வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரவழைக்கும். மிதமான சூட்டில் அது அழியாது. ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகுதான் மற்றதெல்லாம். குக்கரில் வைப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அரூர்: ஓவன் இல்லை. இட்லிச் சட்டியில் வைக்கலாமா?

நீராவியில் மேலே முறுகாது, நசநசத்துப் போகும். அடிகனமான சட்டியில் சிறுதீயில் சுண்ட விடுங்கள். பிரெட் தூளைத் தனியாக நெய்யில் பொன்னிறமாக வறுத்து, பரிமாறும்போது தூவுங்கள். முக்கால்வாசி சுகம் அதிலேயே கிடைத்துவிடும்.

கிருஷ்ணகிரி: தை மாதத்தில் மொச்சை மலிவு. அதில் செய்யலாமா? மேலே சீஸ்?

தாராளமாகச் செய்யலாம். என்னைக் கேட்டால் ராஜ்மாவைவிட பச்சை மொச்சைதான் இதற்கு ருசி. தோல் பிதுக்கிய பருப்பென்றால் குக்கர் வேண்டாம், கரைந்துவிடும். திறந்த பாத்திரத்தில் முக்கால் பதத்துக்கு வெந்தால் போதும். சீஸ் உங்கள் இஷ்டம். நான் போடுவதில்லை, மொச்சை வாசனையை அமுக்கிவிடுகிறது. பிரெட் தூளுக்குப் பதில் கேழ்வரகு மாவை வெண்ணெயில் உதிரி உதிரியாகப் பிசறித் தூவிப் பாருங்கள், நன்றாக முறுகும்.

ராயக்கோட்டை: தக்காளி எத்தனை?

நாலு. உங்கள் ஊரில் விலை சரிந்த நாளென்றால் ஆறு.