இந்தக் கருவி வேலை செய்யுமா, டிராயரில் தூங்குமா?

கேள்வி: விநோதமான கருவிகளின் வீடியோ ஏதாவது கண்ணில் பட்டால் என் கை சும்மா இருப்பதில்லை. இதுவரை வாங்கியதில் பாதி டிராயரில் தூங்குகிறது. இப்போது நான்கின் மேல் கண் வைத்திருக்கிறேன்: அந்தரத்தில் மிதக்கும் விளக்கு, மேசை மேல் வைக்கும் குட்டி ஏர் கூலர், வெயிலில் சார்ஜ் ஆகும் பவர் பேங்க், கம்பித் தடத்தில் நிற்காமல் ஓடும் உலோகக் குண்டு. இவற்றில் ஒன்றைத் தம்பிக்குப் பரிசாகக் கொடுக்க ஆசை. எது நிஜமாக வேலை செய்யும், எது ஏமாற்று என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை, பெருக்கலும் வகுத்தலும் போதும். எந்தக் கருவியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதற்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது? அழகும் நட்சத்திர மதிப்பெண்ணும் அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கடைசியாகச் சொன்ன குண்டிலிருந்து தொடங்குகிறேன், எனக்கு அது பிடிக்கும் என்பதால். மேலே உள்ள தட்டின் ஓட்டை வழியாகக் குண்டு விழுகிறது, வளைந்த கம்பியில் சறுக்குகிறது, நுனியில் துள்ளி மறுபடியும் தட்டிலேயே வந்து விழுகிறது. உராய்விலும் காற்றிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வேகம் குறைந்தாக வேண்டும். அப்படியிருந்தும் குண்டு புறப்பட்ட உயரத்துக்கே திரும்புகிறது என்றால் நடுவில் யாரோ தள்ளிவிடுகிறார்கள். அந்த ஆள் அடிப்பலகைக்குள் ஒளிந்திருக்கிறார். பலகை ஏன் அவ்வளவு தடிமன் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே பேட்டரி, ஒரு சென்சார், ஒரு கம்பிச் சுருள். குண்டு கீழே நெருங்கும்போது சுருள் மின்காந்தமாகி அதை இழுக்கும். குண்டு நேர் மேலே வந்ததும் மின்சாரம் நின்றுவிடும். அந்த நொடியில் நிற்காவிட்டால் இழுத்த காந்தமே குண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த நேரக் கணக்கில்தான் வடிவமைத்தவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. “ஆற்றலே இல்லாமல் என்றென்றும் ஓடும்” என்று விற்பவர் புளுகுகிறார். பொம்மை மேல் குற்றமில்லை.

பேட்டரியே இல்லாமல் இதே மயக்கத்தைத் தரும் பொம்மை ஒன்றும் இருக்கிறது, தலையை ஆட்டி ஆட்டித் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிப் பறவை. மைல்ஸ் சல்லிவன் என்ற அமெரிக்கர் 1946-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நனைந்த தலையிலிருந்து நீர் ஆவியாவதால் தலை குளிர்கிறது, உள்ளிருக்கும் திரவம் மேலேறுகிறது, பறவை குனிகிறது. கண்ணாடிக் கூடு போட்டு மூடுங்கள்: உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்ததும் பறவை நின்றுவிடும். ஆற்றல் சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பறவையின் தலையைக் குளிர்விக்கும் அதே ஆவியாதல்தான் உங்கள் குட்டிக் கூலரிலும் வேலை செய்கிறது. ஆகவே கணக்குப் போடலாம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். தொட்டி 500 மி.லி., எட்டு மணி நேரம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தால், மொத்தம் 12 லட்சம் ஜூல். எட்டு மணி நேரத்தில் 28,800 நொடிகள். வகுத்தால் 42 வாட் குளிர்ச்சி. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது! நீங்கள் அறைக்குள் நுழைந்து நாற்காலியில் அமர்ந்த மாத்திரத்தில் கூலர் தோற்றுவிட்டது. போதாக்குறைக்கு, ஆவியான நீர் அறையை விட்டு எங்கும் போகவில்லை. கதவு சாத்திய அறையில் ஈரப்பதம் ஏற ஏற, ஆவியாவதும் குறையும், நம் வியர்வை உலர்வதும் குறையும். ஒரு முழம் தள்ளி முகத்துக்கு நேரே வைத்தால் ஈரக்காற்று இதமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. “அறையையே குளிர்விக்கும்” என்ற வரியைத்தான் அடித்துவிடச் சொல்கிறேன். சில மாடல்களில் தண்ணீருக்குப் பதில் பெல்டியர் என்ற மின்தகடு இருக்கும். அதன் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். குளிர்ந்ததைவிடச் சூடு எப்போதும் அதிகம். இரண்டு பக்கமும் ஒரே அறையில் இருந்தால் விளைவு என்ன என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

பவர் பேங்கில் கணக்கு இன்னும் சுருக்கம். போன் அளவுள்ள சோலார் தகடு, 15-க்கு 7 செ.மீ., சுமார் 105 சதுர செ.மீ. உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்றால் இந்தத் தகட்டின் மேல் விழுவது 10 வாட்டுக்குக் கொஞ்சம் அதிகம். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் 2 வாட். உள்ளே இருப்பதோ 10,000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட், அதாவது 37 வாட் மணி. ஒரு துளி வீணாகாமல் போனாலும் 18 மணி நேரத்துக்கு மேல் உச்சி வெயில் வேண்டும். நடைமுறையில் நாலைந்து நாள் வெயிலில் கிடக்க வேண்டும், லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆகாது. பவர் பேங்காக நன்றாக இருந்தால் வாங்குங்கள், தகட்டை அலங்காரமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மிதக்கும் விளக்கு அசல். வீடியோ தந்திரம் என்று பலர் சந்தேகப்படுவதற்குக் காரணம் உண்டு: நிலைக்காந்தங்களை மட்டும் எப்படி அடுக்கினாலும் இன்னொரு காந்தத்தை அந்தரத்தில் நிலையாக நிறுத்த முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842-லேயே நிறுவிவிட்டார். விளக்கு அந்த விதியை மீறவில்லை. அடித்தளத்தில் உள்ள வளையக் காந்தம் எடையைத் தாங்குகிறது. பல்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சென்சார்கள் நொடிக்குப் பல நூறு தடவை பார்த்துச் சொல்ல, சிறு மின்காந்தங்கள் அதை நடுவுக்குத் தள்ளுகின்றன. விரல் நுனியில் துடைப்பத்தை நிறுத்துபவர் கையை ஆட்டிக்கொண்டே இருப்பாரே, அந்த மாதிரி. பல்பு எரிவதற்கான மின்சாரமும் சுருளிலிருந்து சுருளுக்குக் கம்பியில்லாமல் போகிறது. ஆகவே பிளக்கில் எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். மின்சாரம் போனால் பல்பு தடாலென்று காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி என்றால் கவனம். முதல் நாள் மிதக்கவிடுவதற்குள் பொறுமை போய்விடும், நானே பத்துப் பன்னிரண்டு தடவை தவறவிட்டேன். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இருக்கும் வீட்டுக்கு இதைப் பரிசளிக்காதீர்கள்.

இன்னும் கடைக்கே வராமல், முன்பணம் கேட்கும் பொருள்களில்தான் பெரிய அடி விழும். 2015-ல் ஸ்கார்ப் என்ற லேசர் ரேசருக்குக் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் 40 லட்சம் டாலருக்கு மேல் வாக்குறுதி குவிந்தது; வேலை செய்யும் மாதிரி இல்லையென்று தளமே திட்டத்தை நிறுத்தியது. மறு ஆண்டு ட்ரைட்டன் என்று ஒரு செயற்கைச் செவுள் வந்தது, வாயில் கவ்விக்கொண்டு நீருக்கடியில் மூச்சுவிடலாமாம். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய 7 மில்லிகிராம். ஓய்வாக இருக்கும்போதே நமக்கு நிமிடத்துக்கு 350 மில்லிகிராம் அளவுக்கு வேண்டும். நிமிடத்துக்கு 50 லிட்டர் நீரை உறிஞ்சி, அதிலுள்ள ஆக்சிஜனை மிச்சமில்லாமல் பிரித்தெடுக்க வேண்டும். வாயில் கவ்வும் கருவியில் அந்தப் பம்ப் எங்கே?

நேர்மையான கருவிக்கு ஒரு உதாரணம் வேண்டுமென்றால் கிராவிட்டிலைட். மார்ட்டின் ரிடிஃபோர்டும் ஜிம் ரீவ்ஸும் வடிவமைத்தது. 12 கிலோ மூட்டையை 1.8 மீட்டர் தூக்கி மாட்டினால், அது மெல்ல இறங்கி இருபது நிமிடம் போல விளக்கெரிக்கும். தூக்குவதில் சேர்வது சுமார் 212 ஜூல். இருபது நிமிடத்துக்கு வகுத்தால் 0.18 வாட், கியர் உராய்வு போக மிஞ்சுவது ஒரு சின்ன எல்இடிக்குப் போதும். அறை முழுக்க வெளிச்சம் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

வாட் கணக்கு உதவாத இடமும் உண்டு. மீயொலி, அதாவது நம் காதுக்கு எட்டாத ஒலி, எழுப்பிக் கொசு விரட்டும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி எழுப்ப அதற்குத் தேவையான மின்சாரம் இருக்கிறது. கொசு அதைப் பொருட்படுத்துமா என்பதுதான் கேள்வி. அதற்குக் களச் சோதனை வேண்டும். 2007-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு அப்படிப்பட்ட 10 சோதனைகளை அலசியது, கொசுக்கடி குறைந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

வீடியோவைப் பார்க்கும்போது, பாட்டு ஓடுகிறதா, கருவியின் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். பாட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு இரைச்சல் மோட்டார் இருக்கும். முக்கியமான நொடியில் காட்சி வெட்டுப்பட்டால் அங்கே ஏதோ சரியில்லை. விமர்சனங்களில் மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைத்தான் நான் படிப்பேன், வாங்கிப் பயன்படுத்திய அலுப்பு அவர்கள் எழுத்தில் தெரியும்.

பயனற்றதை வாங்கக் கூடாது என்று மட்டும் நான் சொல்லவே மாட்டேன். ஜப்பானில் கென்ஜி கவாகாமி ‘சிந்தோகு’ என்றொரு கலையையே உருவாக்கினார். பூனையின் கால்களில் மாட்டித் தரையைத் துடைக்க வைக்கும் செருப்பு மாதிரியான பொருள்கள். செய்து காட்ட வேண்டும், ஆனால் விற்கக் கூடாது என்பவை அதன் விதிகளில் இரண்டு. உங்கள் டிராயரில் உள்ளவை அந்த இரண்டாவது விதியில்தான் தவறிவிட்டன.

தம்பி எதையும் கழற்றிப் பார்க்கிற ரகம் என்றால் குண்டு. அடிப்பலகை திருகாணியால் மூடியதா, ஒட்டியதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்; திருகாணி என்றால் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் சேர்த்துக் கொடுங்கள். கழற்றாத ரகம் என்றால் விளக்கு, மேசைக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.