கேட்பவர் கை வால்யூமுக்குப் போகக் கூடாது

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் சொற்பொழிவு, சமையல், பாட்டு, பாடம் என்று எதையாவது பதிவு செய்து இணையத்தில் ஏற்றுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒலியளவைப் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். கருவிகளைப் பற்றிய கேள்விகள் பிறகு.

குன்றக்குடி, சொற்பொழிவுகளைப் பதிவேற்றுபவர்: அண்ணே, வாரம் ஒரு சொற்பொழிவு போடுகிறோம். எல்லாக் கோப்புகளையும் நார்மலைஸ் செய்துதான் ஏற்றுகிறேன். ஆனாலும் ஒரு வாரம் காதைப் பிளக்கிறது, மறுவாரம் முணுமுணுப்பாக இருக்கிறது. எங்கே கோளாறு?

நீங்கள் பயன்படுத்தும் நார்மலைஸ், கோப்பிலேயே மிக உயர்ந்த ஓர் உச்சத்தைக் கண்டுபிடித்து அதை மட்டும் குறித்த அளவுக்குக் கொண்டுவருகிறது. யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்த ஓசையோ முன்வரிசைக் கைத்தட்டலோ அந்த உச்சமாக அமைந்துவிட்டால், பேசியவரின் குரல் கீழேயே நின்றுவிடும். ஊரிலேயே நெட்டையான ஒருவரை அளந்துவிட்டு, அதுதான் ஊராரின் உயரம் என்று சொல்வதைப் போன்றது இது. காது உச்சத்தைக் கேட்பதில்லை. தொடர்ந்து வரும் சத்தத்தின் உரப்பைத்தான் கேட்கிறது.

இதை அளப்பதற்கென்றே பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பிஎஸ் 1770 என்ற முறையை வெளியிட்டது. நம் காதுக்கு உறைக்காத அடித்தொனிகளைக் குறைத்தும், உறைக்கும் மேல்தொனிகளைக் கூட்டியும் அளப்பது இதன் வழி. பின்னர் வந்த திருத்தத்தில், 400 மில்லி விநாடித் துண்டுகளாக அளந்து, பேச்சுக்கு நடுவே வரும் அமைதி கணக்கில் சேராதபடி விலக்கும் ஏற்பாடும் சேர்ந்தது. அதனால் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவரையும் மூச்சு விடாமல் பேசுகிறவரையும் ஒரே கோலால் அளக்க முடிகிறது. இந்த அளவின் அலகு எல்யூஎஃப்எஸ். இதில் ஒரு படி ஏறுவதும் ஒரு டெசிபல் ஏறுவதும் ஒன்றே. பூஜ்யத்துக்குக் கீழே எண்ணுவதால் எண்கள் கழித்தல் குறியோடு வரும்; −16-ஐவிட −14 உரத்தது.

ஆகவே ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் நார்மலைஸை விட்டுவிட்டு, லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று தனியாக இருப்பதை எடுங்கள். அதில் −23 என்று தானாக எழுதியிருக்கும். அதை மாற்றாமல் விட்டால் கோப்பு மிகவும் தணிந்து வரும். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை: அப்படியானால் எந்த எண்ணை எழுதுவது? −14 என்கிறார்கள், −16 என்கிறார்கள். பாடங்களை யூடியூபிலும் பாட்காஸ்டிலும் போடுகிறேன்.

−16 வையுங்கள், டீச்சர். ஆப்பிள் பாட்காஸ்ட் கேட்பது −16, ஒரு டெசிபல் கூடக் குறைய இருக்கலாம். ஸ்பாட்டிஃபை இயல்பாக −14-க்குச் சரிசெய்கிறது. யூடியூபும் ஏறக்குறைய −14-ஐ ஒட்டித்தான் இயங்குகிறது. ஆனால் அது அதிகச் சத்தத்தைக் குறைக்குமே தவிர, குறைந்ததைத் தூக்கிக் கொடுக்காது. −23 என்பது ஐரோப்பிய ஒலிபரப்பாளர் சங்கம் 2010-இல் தொலைக்காட்சி, வானொலிக்காக வகுத்தது. பஸ்ஸில் போனில் கேட்கிறவருக்கு அது போதாது.

யூடியூபுக்காகத் தனியாக −14-இல் ஒரு பிரதி எடுக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். பேச்சுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. இரண்டு டெசிபலைப் பெறுவதற்காகக் உச்சங்களை ஒரு வரம்புக்கு மேல் விடாத லிமிட்டரில் குரலைப் போட்டு நசுக்க வேண்டியிருக்கும். அந்த இறுக்கம் அரை மணி நேரப் பாடத்தில் பிள்ளைகளின் காதைக் களைப்படையச் செய்யும்.

கானாடுகாத்தான், சமையல் காணொளி செய்யும் ஆச்சி: நான் பேசுவது கேட்கவில்லை என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். சத்தத்தைக் கூட்டினால், எண்ணெயில் பணியாரம் ஊற்றும்போதும் உரலில் இடிக்கும்போதும் தூக்கிவாரிப் போடுகிறதாம். −16 வைத்துப் பார்த்தும் சரியாகவில்லை.

ஆச்சி, −16 என்பது முழுக் காணொளிக்கும் சேர்த்து எடுத்த ஒரே கணக்கு. உள்ளே இருக்கும் மேடுபள்ளத்தை அது தொடாது. உங்கள் காணொளியில் பாதி நேரம் எண்ணெய் பொரிகிறது. பொரியும் ஓசை முழுக்க மேல்தொனி. அளவீடு அதைக் கூட்டியே எடுத்துக்கொள்ளும். கணக்குப்படி கோப்பு −16-இல் இருக்கும். உங்கள் குரலோ −24-இல் கிடக்கும். நீங்கள் சொல்வதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான்.

எனவே வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். குரல் வரும் இடங்களை மட்டும் முதலில் தேர்ந்தெடுத்து −16-க்குக் கொண்டுவாருங்கள். அடுப்பு, உரல், அம்மி ஓசைகளைத் தனித் தடத்தில் வைத்து, அவை தனியாக ஒலிக்கும்போது குரலை ஒட்டியும், நீங்கள் பேசும்போது அதைவிடப் பன்னிரண்டு டெசிபலாவது கீழேயும் இருக்கும்படி இறக்குங்கள். பொரியும் ஓசையை அடியோடு எடுத்துவிடாதீர்கள். வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் எழும்பி வரும் அந்தச் சலசலப்பைக் கேட்டுத்தான் பார்க்கிறவருக்குப் பசி எடுக்கிறது. எல்லாம் முடிந்த பிறகு முழுக் கோப்பையும் ஒருமுறை அளந்து, ஓரிரு டெசிபல் விலகியிருந்தால் அப்போது சரிசெய்யலாம்.

இன்னொன்று, போனை அடுப்புக்கு எதிரே நிறுத்திவிட்டு நீங்கள் மூன்றடி தள்ளி நின்று பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சேலையில் குத்திக்கொள்ளும் சிறு மைக் ஒன்று இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதி மிச்சமாகும்.

பள்ளத்தூர், ஊர் வரலாற்றைப் பதிவு செய்பவர்: எண்பது வயதைக் கடந்த பெரியவர்களை அவர்கள் வீட்டிலேயே பேசவைத்துப் பதிவு செய்கிறேன். ஒலியை −16-க்கு உயர்த்தியதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் எதிரொலி வந்துவிடுகிறது. உயர்த்தும் முறையில் பிழையா?

முறையில் பிழையில்லை ஐயா. எதிரொலி முன்பே இருந்தது. நீங்கள் குரலை உயர்த்தியபோது அதுவும் கூடவே உயர்ந்தது. கம்ப்ரஸர் போட்டிருந்தால் இன்னும் மோசம். அது உரத்த சொற்களை அமுக்கிவிட்டு, சொற்களுக்கு இடையே தேங்கியிருக்கும் எதிரொலியை மேலே கொண்டுவரும்.

நம் செட்டிநாட்டு வீடுகள் ஒலிப்பதிவுக்கு மிகக் கடினமானவை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் தேய்த்த சுண்ணாம்புச் சுவர், தரையில் ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண், தலைக்கு மேல் எட்டாத உயரத்தில் கூரை. இவற்றில் ஒன்றுகூட ஒலியை விழுங்காது. எல்லாம் திருப்பி அனுப்பும். பெரியவரை மரியாதையாகக் கூடமான பட்டாலையில் உட்காரவைத்துப் பேசச் சொல்வது நம் வழக்கம். ஒலிக்கு அதைவிடக் கெட்ட இடம் அந்த வீட்டில் இருக்காது. நடுமுற்றமான வளவில் வானம் திறந்திருப்பதால் எதிரொலி சற்றுக் குறையும். ஆனால் காக்கையும், பாத்திரம் துலக்கும் ஓசையும், மழைக்காலமானால் தகரத் தாழ்வாரத்தில் சொட்டும் நீரும் உள்ளே வந்துவிடும்.

வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகளில் மெத்தையும் தலையணையும் அடுக்கி வைத்திருப்பார்கள் அல்லவா, அந்த அறையைக் கேளுங்கள். கதவைச் சாத்தி, தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்து, பேசுகிறவருக்கு எதிரே ஒரு கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு மேல் போக வேண்டாம். தூரம் இருமடங்கானால் நேராக வரும் குரல் ஆறு டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கிறது. மைக்கை அருகில் கொண்டுவருவதால் கிடைக்கும் தெளிவை எந்த மென்பொருளும் பிறகு தராது. மின்விசிறியை நிறுத்தச் சொல்லத் தயங்குவீர்கள் என்று தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, விசிறியைப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். அந்தக் குரல் அடுத்த ஆண்டு நமக்குக் கிடைக்காமல் போகலாம். இவ்வளவு சிரமத்துக்கும் அது தகும்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: ஒரே கோப்பு ஒரு மென்பொருளில் −19 என்றும் இன்னொன்றில் −16 என்றும் காட்டுகிறது. எதை நம்புவது?

கோப்பு மோனோவாக இருக்கும், தம்பி. ஒற்றைத் தடத்தை அப்படியே அளந்தால் −19. அதே ஒலி இரண்டு ஸ்பீக்கரிலும் வருவதாகக் கொண்டால் −16. மூன்று டெசிபல் வேறுபாடு அங்கிருந்துதான் வருகிறது. ஆடாசிட்டியில் மோனோவை இரட்டை மோனோவாகக் கொள்ளும் பெட்டியில் குறியிட்டுவிட்டு −16 என்றே எழுதுங்கள்.

கோட்டையூர், நாதசுரக் கச்சேரிகளைத் தொகுப்பவர்: −14-க்குக் கொண்டுவந்த பிறகு கச்சேரி உயிரில்லாமல் ஒலிக்கிறது. தவிலின் அடியே விழவில்லை.

தவிலின் ஒவ்வோர் அடிக்கும் கூரிய உச்சம் உண்டு. சராசரியை −14-க்கு ஏற்ற வேண்டுமானால் அந்த உச்சங்களை வெட்டியாக வேண்டும். நீங்கள் வெட்டியது தவிலைத்தான். கச்சேரியை வெட்டாதீர்கள் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். உச்சம் −1-ஐத் தொடும் வரை மொத்தமாக உயர்த்துங்கள், அதோடு நிறுத்துங்கள். கணக்கு −18 என்று வந்தாலும் வரட்டும். இசையை ரசிக்க உட்கார்ந்தவர் தாமே ஒரு படி கூட்டிக்கொள்வார்.

ஆலாபனையும் தனியும் தனித்தனிக் கோப்பாக இருந்தால், ஒவ்வொன்றையும் தனியாகச் சமப்படுத்தக் கூடாது. தணிந்து தொடங்கிய ஆலாபனை தவிலின் அளவுக்கு உரத்துவிடும். கச்சேரி முழுவதையும் ஒன்றாக அளந்து, வரும் ஒரே திருத்தத்தை எல்லாக் கோப்புகளுக்கும் கொடுங்கள்.

உச்சத்தை ஏன் பூஜ்யத்தில் நிறுத்தாமல் −1-இல் நிறுத்த வேண்டும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். எண்களாகப் பதிந்த ஒலி மீண்டும் அலையாகும்போது, இரு எண்களுக்கு இடையே அலை இன்னும் உயரமாக எழக்கூடும். எம்பி3 ஆகச் சுருக்கும்போதும் உச்சங்கள் சற்று ஏறும். அந்த ஒரு டெசிபல் இடம் அதற்காகத்தான். ட்ரூ பீக் என்று காட்டும் மீட்டரில் பாருங்கள். சாதாரண உச்ச மீட்டர் இதைக் காட்டாது.

வேலங்குடி, தாலாட்டும் ஒப்பாரியும் சேகரிப்பவர்: பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றாகத் திறந்து செய்ய முடியாது. மொத்தமாகச் செய்ய வழி உண்டா?

உண்டு. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலில் லவுட்நார்ம் என்ற வடிகட்டி இருக்கிறது. அதை இரண்டு சுற்றாக ஓட்டுங்கள். முதல் சுற்றில் அளக்க மட்டும் சொல்லி, வரும் எண்களை இரண்டாம் சுற்றில் கொடுத்தால், அது கோப்பு முழுவதையும் ஒரே அளவில் உயர்த்தும். ஒரே சுற்றில் ஓட்டினால் நொடிக்கு நொடி ஏற்றி இறக்கும். ஒப்பாரியில் குரல் உடைந்து அடங்கும் இடத்தை அது தூக்கிவிட்டுக் கெடுக்கும். இரண்டாம் சுற்றிலும் உச்ச வரம்பு இடிக்குமானால் அது சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஏற்றி இறக்கும் வழிக்கே திரும்பிவிடும். அதனால் இலக்கை −18 அல்லது −20 என்று தாழ்த்தியே வையுங்கள். வெளிவரும் கோப்பின் மாதிரி வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலி எண்ணாகப் பதிகிறது என்பதை, 48 கிலோஹெர்ட்ஸ் என்று நீங்களே எழுதிவிடுங்கள்; எழுதாவிட்டால் 192-க்குப் போய்க் கோப்பு வீங்கிவிடும்.

கச்சேரிக்குச் சொன்னது இங்கே பொருந்தாது. இவை வெவ்வேறு வீடுகளில், வெவ்வேறு ஆச்சிமார் பாடியவை. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகவே சமப்படுத்தலாம். கேசட்டின் இரைச்சலைச் சற்றுத் தணித்துவிட்டு உயர்த்துங்கள். உயர்த்திய பிறகு தணிக்க முயன்றால் நீங்கள் அளந்து வைத்த கணக்கு மாறிவிடும். கேசட்டிலிருந்து முதலில் நுணுக்கமாகப் பதிந்து எடுத்த 24 பிட் கோப்பைத் தொடவே கூடாது. பிரதி எடுத்து அதில் மட்டும் வேலை செய்யுங்கள்.

புதுவயல், நேரலை நிகழ்ச்சிகள் செய்பவர்: பதிவிலேயே கரகரவென்று உடைந்துவிட்டது. அளவைக் குறைத்தால் சரியாகுமா?

ஆகாது. உடைந்த அலை சிறியதாகும், அவ்வளவே. அடுத்த முறை பேச்சின் உச்சம் −12-ஐ ஒட்டி இருக்கும்படி பதிவு செய்யுங்கள். 24 பிட்டில் தணிந்த பதிவை உயர்த்துவதால் எந்தக் கேடும் இல்லை.

தேவகோட்டையிலிருந்து இன்னொருவர்: எல்லாம் செய்த பிறகு சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மீட்டர் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். யூலீன் லவுட்னஸ் மீட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. யூடியூபில் ஏற்றிய பிறகு, கணினியில் காணொளியின்மேல் வலது சொடுக்குப் போட்டு ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறந்தால், கன்டென்ட் லவுட்னஸ் என்று ஓர் எண் தெரியும். அது +4 என்றால் யூடியூப் உங்கள் ஒலியை நான்கு டெசிபல் குறைத்திருக்கிறது. −2 என்றால் இரண்டு தணிந்திருக்கிறது, அப்படியே விட்டிருக்கிறது. பேச்சுக்கு −2 வந்தால் போதும்.

பிறகு போனில் ஒலியளவைப் பாதியில் வைத்து, கடைசியாகப் போட்ட மூன்று பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். இயர்போன் வேண்டாம், போனின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். முகப்பு இசை முடிந்து குரல் தொடங்கும் இடத்தையும் அதில் சேர்த்துக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேதான் இசை மிஞ்சி நிற்கும். அப்படி நின்றால் இசையை மட்டும் மூன்று டெசிபல் இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.