பால்டிக் கடலில் குளிக்க முடியுமா? போலந்தின் சோபோட்டுக்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஜூலை, ஆகஸ்ட் என்றால் குளிக்கவும் செய்யலாம். ஆனால் சோபோட்டோடு திரும்பிவிடாதீர்கள். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹெல் தீபகற்பத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

சோபோட் இருப்பது க்டான்ஸ்க்குக்கும் க்டினியாவுக்கும் நடுவில். மூன்று ஊரையும் இணைக்கும் உள்ளூர் ரயில் அடிக்கடி வரும், எங்கே தங்கினாலும் சரிதான். நெப்போலியன் படையில் மருத்துவராக இருந்த ஹாஃப்னர் 1823-ல் இங்கே குளியல் இல்லம் தொடங்கினார். அன்று முதல் ஓய்வுக்கு வருகிறவர்களின் ஊர் இது. கடலுக்குள் நீளும் மரப்பாலம் 511 மீட்டர். கோடையில் அதற்கு டிக்கெட் உண்டு, பகலில் நல்ல கூட்டம் இருக்கும். விடிந்ததும் போய்விடுங்கள்.

எனக்கு ஊரைவிடக் கடல்தான் ஆச்சரியம். முங்கி எழுந்தபோது வாயில் பட்ட தண்ணீர் லேசாகத்தான் கரித்தது. பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் இங்கே சுமார் 7 கிராம்தான். ஆறுகள் நன்னீரைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. வெளிக்கடலோடு தொடர்பு டென்மார்க் பக்கத்துக் குறுகிய நீரிணைகள் வழியாக மட்டுமே. ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, கண்ணுக்குத் தெரியாததற்கும் அதுவே காரணம். அலைகூட அமைதியான நாளில் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போகிறது.

அதை நம்பி இறங்கிவிடக் கூடாது. கிழக்குக் காற்று தொடர்ந்து அடித்தால் கரையோரத்து மேல்நீர் விலகி, ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். நல்ல வெயில் நாளிலும் கால் விறைத்துப்போகும். ஹெல்லின் திறந்த கடல் பக்கத்தில் இது அதிகம். காவலர் மேடையில் வெள்ளைக் கொடி பறந்தால் குளிக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. வெப்பம் நீடித்தால் நீலப்பச்சைப் பாசி பெருகும். வயலில் போடும் உரம் ஆற்றோடு வந்து சேர்வதால் வரும் கேடு அது. பச்சைக் குழம்பாகத் தெரிந்தால் குழந்தைகளை இறக்கவே வேண்டாம், தோலுக்கும் வயிற்றுக்கும் ஆகாது.

அப்புறம் ஹெல். 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் நாக்கு. முழுக்க ரயில் போகிறது, கோடையில் கப்பலும் உண்டு. வழியில் ஹவூப்பி (Chałupy) என்ற சிற்றூர்ப் பக்கம் இறங்கினால் ஒரு கரையில் அலையடிக்கும் திறந்த கடல். பைன் மரங்களைத் தாண்டிச் சில நிமிடம் நடந்தால் கரையோரம் வெகுதூரத்துக்கு இடுப்பளவு ஆழமே உள்ள புட்ஸ்க் விரிகுடா. அங்கே தண்ணீர் சீக்கிரம் சூடேறும். நீச்சல் தெரியாதவர்களுக்கும் பாய் கட்டிய பலகையில் நீர்மேல் சறுக்கப் பழகுகிறவர்களுக்கும் அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லை. முனையில் க்டான்ஸ்க் பல்கலைக்கழகத்தின் சீல் காப்பகம் இருக்கிறது. அங்கே பிறக்கும் சாம்பல் சீல் குட்டிகளைக் கடலில் விடுகிறார்கள். உணவு கொடுக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீனின் வறுவல் கேளுங்கள். காட் மீன் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் கிழக்கு பால்டிக்கில் அது அருகிப்போய் 2019-லேயே பிடிக்கத் தடை வந்துவிட்டது.