எண்ணெய் ஆலையில் ஒளி சென்சார்: கேள்வி பதில்

சுத்திகரிப்பு ஆலைகளில் கருவிகள் பொருத்துவது என் வேலை. வந்த கேள்விகளில் சில:

கேள்வி: ப்ளீச்சிங்கில் எண்ணெயின் நிறத்தை உறிஞ்சப் போடும் மண், ஃபில்டரைத் தாண்டிய எண்ணெயிலும் சில சமயம் வந்துவிடுகிறது. லேப் சொல்வதற்குள் டேங்க் பாதி நிறைந்துவிடும். சென்சார் வைத்தால் தீருமா?

பதில்: பெரும்பாலும் தீரும். ஃபில்டரை அடுத்த குழாயில் கலங்கல் சென்சார் ஒன்று வையுங்கள். மண் துகள் ஒளியைச் சிதறடிக்கும். அது அளப்பது அந்தச் சிதறலைத்தான். 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் வகையை வாங்குங்கள், எண்ணெயின் மஞ்சளும் சிவப்பும் குறுக்கே வராது. ஃபில்டர் வலை கிழிந்தால் நொடிகளில் தெரியும். தானியங்கி வால்வோடு இணைத்துவிட்டால் கலங்கிய எண்ணெய் டேங்குக்குப் போகாமல் ப்ளீச்சருக்கே திரும்பும். ஃபில்டரை ஓட்டத் தொடங்கியதும் வலையில் மண் படியும்வரை எப்படியும் கலங்கல்தான். அப்போதும் கடிகாரத்தைப் பார்த்து வால்வு திருப்ப வேண்டியதில்லை.

கேள்வி: வைத்தாயிற்று. எண்ணெய் தெளிவாக இருக்கும்போதும் அளவு எகிறுகிறதே?

பதில்: குமிழிதான் முதல் சந்தேகம். சென்சாருக்கு மண்ணும் ஒன்றுதான், குமிழியும் ஒன்றுதான். எண்ணெய் மேல்நோக்கி ஏறும் செங்குத்துக் குழாயில், பம்பின் அழுத்தம் உள்ள பக்கத்தில் மாற்றிப் பொருத்துங்கள். அளவு திடீரென்று குதித்தால் குமிழி; நாள் கணக்கில் மெல்ல ஏறினால் கண்ணாடியில் அழுக்குப் படலம். பம்ப் சீல் காற்றை இழுப்பது தெரியாமல் இரண்டு நாள் சென்சாரைத் திட்டியவன் நான்.

கேள்வி: எவ்வளவு மண் போடுவது என்பதையும் அதுவே சொல்லுமா?

பதில்: சொல்லாது, அதற்கு நிற சென்சார் தனி. பச்சையம் 670 நானோமீட்டர் அருகிலும், கரோட்டின் 400 முதல் 500 வரையிலும் ஒளியை விழுங்கும். கனோலா எண்ணெய் என்றால் முதலாவதைக் கவனியுங்கள். ஆனால் வாங்குபவர் கேட்பது லோவிபாண்ட் எண்ணைத்தான்; 1885-இல் ஒரு பீர் ஆலைக்காரர் கொண்டுவந்த வண்ணக் கண்ணாடிக் கணக்கு அது. ஆகவே லேப் அளவோடு அடிக்கடி ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

கேள்வி: மரச்செக்கு வைத்திருக்கிறேன். எனக்கும் வேண்டுமா?

பதில்: வேண்டாம். தெளியவிட்டு வடிகட்டுங்கள், போதும்.

கேள்வி: பலகாரக் கடையில் பொரித்த எண்ணெயைப் பார்க்கும் கைக்கருவியும் ஒளியில்தான் வேலை செய்கிறதா?

பதில்: இல்லை, பெரும்பாலானவை எண்ணெயின் மின் பண்பை அளப்பவை. திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெய் கெட்டு உருவாகும் பொருள்களான மொத்த போலார் சேர்மங்களுக்கு நம் நாட்டில் வரம்பு 25 சதவீதம். நிறத்தை வைத்து முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். மசாலா தடவிய மீன் நல்ல எண்ணெயையும் ஒரே ஈட்டில் கருக்கிவிடும்.